பழகாத காது

என் தங்கையை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் கொக்கியைச் சரிசெய்யப் போவாள். பால் பொங்கி வழியும், கொக்கியும் பாதியில் தொங்கும். போன வருடம் டாக்டர் அதற்கு ஏ.டி.ஹெச்.டி. என்று பெயர் சொன்னார். கவனக் குறைபாடு என்று நான் தமிழில் விளக்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குறையெல்லாம் இல்லக்கா. எல்லாத்தையும் கவனிக்கிறேன். எதை விடணும்னுதான் தெரியல."

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர்களைச் செய்கிற கம்பெனி. எங்கள் சோதனைக் கூடத்தில் அவை வரிசை வரிசையாக நின்று அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். சேர்ந்த புதிதில் எனக்குத் தலை வெடித்தது. போகப்போகக் காதிலேயே விழவில்லை. அவளுக்கு மட்டும் பழகவே இல்லை.

"உங்க யாருக்கும் இது கேக்கலையா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். "அப்போ நர்ஸுங்களுக்கும் இப்படித்தானே கேக்காம போகும்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தாள். பாலை மறந்தவள் இதை மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இடைவெளியும் சுருதியும் கொஞ்சம் மாறி ஒலிக்கும் அலாரம் ஒன்றைச் செய்தாள். காது அதற்குப் பழகாது. முதன்முதலில் அது அடித்தபோது கூடமே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

புது அலாரம் விற்பனைக்குப் போயிற்று. அவள் எழுத வேண்டிய ரிப்போர்ட்டுகள்தான் வரவில்லை. எல்லாம் பாதி. இன்னொரு தடவை தவறினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். நல்ல மனதோடு, கூடத்தின் கோடியில் சத்தமே புகாத தனி அறை ஒன்றை அவளுக்கு ஒதுக்கினார்.

ரிப்போர்ட்டுகள் நேரத்துக்கு வந்தன. ஆளாளுக்குப் பாராட்டினார்கள். வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதுகூட நின்றுவிட்டது. அது எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த ரூம்ல ஒண்ணுமே இல்லக்கா. நான் மட்டும்தான் இருக்கேன்" என்றாள்.

சில மாதம் கழித்து மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி ரிப்போர்ட் எல்லாம் கரெக்டா தராங்க. ஆனா புதுசா ஒரு யோசனைகூட வரல. வெறும் ரிப்போர்ட் எழுத எனக்கு வேற ஆள் கிடைப்பாங்க. நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காதை அடைச்சு வெச்சுட்டு, ஏன் கேக்கலன்னு கேக்குறீங்களே சார்!"

நேராகப் போய் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தேன். அது மறுபடி மூடிக்கொள்ளாமல் ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தேன். கூடத்துச் சத்தம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. தங்கை முகத்தைச் சுளித்தாள். டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைத் தாண்டி வெளியே நடந்தாள்.

புது அலாரம் பொருத்திய மானிட்டர்கள் பெட்டிக்குள் போகக் காத்திருந்தன. ஒவ்வொன்றாகக் கடந்து, ஒன்றின் முன்னால் நின்றாள்.

"இது மாறவே இல்லக்கா."

"எதுடீ?"

"அலாரம். ஒரே மாதிரி அடிக்குது. பழையது மாதிரியே."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆமாம். காலையிலிருந்து நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சோதித்தவர்கள் அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தார்கள், அடித்தது. மாறாமல் அடிக்கிறது என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"நல்லவேளை, கண்டுபிடிச்சீங்க! இனிமே நீங்க இங்கயே உக்காருங்க. ரிப்போர்ட்டுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். உங்க வேலைக்கு நான் கேரண்டி."

அவள் சிரிக்கவில்லை. மானிட்டர்மேல் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"சார், நான் அந்த ரூம்ல இருந்தப்போ இங்கிருந்து எத்தனை பெட்டி வெளிய போச்சு?"

மேனேஜர் அனுப்பிய பெட்டிகளின் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். அந்த மானிட்டர் ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது எனக்கு அது மட்டும்தான் கேட்டது.