மெதுவாகப் போகிற ரயில்

"இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று மருத்துவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். சைகோன் மருத்துவமனையின் நடைக்கூடத்தில் நானும் தம்பி கியெட்டும் நின்றுகொண்டிருந்தோம். அழ வேண்டிய நேரம். நாங்களோ சண்டை போட்டோம், அப்பாவை ஊருக்கு ரயிலில் கொண்டு போவதா, காரிலா என்று.

அப்பாவைக் கேட்டால் ரயில் என்றார். ஈரலில் வந்த புற்று அவர் குரலைக்கூடத் தின்றுவிட்டிருந்தது. ஆனாலும் அந்தச் சொல் தெளிவாக வந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. காரில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். கல்யாணமோ சாவோ, எங்கள் ஊரான துய் ஹோவாவிலிருந்து எங்கே கிளம்பினாலும் ரயில்தான்.

"கீழ் பெர்த்துல படுத்துக்கிட்டே போயிடலாம்டா. ஆசைப்பட்டுக் கேக்குறார்ல," என்றேன்.

"நடுவழியில மூச்சு நின்னா? அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுருவாங்க. அப்புறம் பெரியப்பா வீட்டுக்குள்ள விடுவாரா?"

வெளியே உயிர் போனவரை எங்கள் பக்கம் வீட்டுக்குள் எடுப்பதில்லை. வாசலில் தார்ப்பாய் கட்டி, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே அடக்கத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. சந்தையிலிருந்து மீன்கூடையோடு சைக்கிளில் திரும்பியவளை லாரி அடித்தது. கூப்பிடு தூரத்தில் வீடு. மூத்தவர் என்பதால் வீடு பெரியப்பா பொறுப்பில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றார். மழை கொட்டியது. தார்ப்பாயின் ஒரு மூலைக்குக் கட்ட எதுவும் கிடைக்கவில்லை. அந்த மூலையை அப்பா சடங்கு முடியும்வரை கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கியெட் அப்போது சின்னப் பையன். நமக்குத்தான் வீடு இருக்கிறதே, அம்மா ஏன் வெளியே நனைகிறாள் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பாவும் அதே வாசல்ல கிடக்கணுமா? சொல்லுக்கா," என்றான் இப்போது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். "என் வண்டியில ஏத்து. பொழுது சாயறதுக்குள்ள முன்னோர் மாடத்துக்கு முன்னாடி படுக்க வைக்கிறேன். என்னால முடியும்."

நான் குனிந்து, காரில்தான் போகப் போகிறோம் என்று அப்பாவின் காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரயிலு மெதுவா போகும்மா," என்றார்.

"அதானேப்பா பிரச்சனையே," என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். பின் இருக்கையில் அப்பாவின் தலை என் மடியில் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரை முன் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தோம். நெற்றியில் பச்சைத் தைலம் தேய்த்தேன், மூக்கருகே ஆரஞ்சுத் தோலைக் கசக்கிப் பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் குடித்த இரண்டு வாய்க் கஞ்சியும் என் பாவாடைமேல் வந்தது.

"பாத்து ஓட்டுடா. உள்ள இருக்கறது மனுஷன், பன்றிக்குட்டி இல்ல."

"பாத்து ஓட்டினா நாளைக்குத்தான் போவோம்," என்றான். லாரிகளை ஒவ்வொன்றாக முந்தினான்.

அவ்வப்போது அப்பா கண் திறந்து எந்த ஊர் என்று கேட்டார். பான் ராங் என்றேன்.

"அதுக்குள்ளயா?"

"கேட்டியாக்கா? அப்பாவே அசந்துட்டார்," என்றான் கியெட். அவன் முதுகில் தெரிந்த பெருமையைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கா கணவாயில் வளைந்து ஏறினால் குமட்டும் என்று சுரங்கப்பாதை வழியாகப் போனோம். வெளியே வந்தபோது அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பயந்துபோய் நெஞ்சைத் தேய்த்தேன். "வந்துட்டோம்ப்பா. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க."

"எதுக்கு?" என்றார்.

வலியில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

வெயில் இறங்குவதற்கு முன்பே வீட்டு வாசலில் கார் நின்றது. பெரியப்பா ஊதுபத்தியோடு காத்திருந்தார். எப்படி வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "உயிர் இருக்கா?" என்றார்.

"இருக்கு பெரியப்பா. உயிரோட கொண்டாந்துட்டேன்."

பெரியப்பா இரண்டு கதவையும் அகலத் திறந்தார். உள்ளே மாடத்துக்கு முன்னால் கட்டிலில் புதுப்பாய் விரித்திருந்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் தூக்க வந்தபோது அப்பாவின் கை கார்க் கதவைப் பற்றிக்கொண்டது. அந்த எலும்புக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"உள்ள வேணாம்."

"நம்ம வீடுப்பா," என்றான் கியெட்.

"அவள எங்க போட்டீங்களோ, அங்க."

"உளறுறான். தூக்குங்கடா," என்றார் பெரியப்பா.

அப்பா அவரைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நீ கதவைச் சாத்துன. நான் வாயே தொறக்கலண்ணே. அவ வெளிய கிடந்துட்டுப் போனா. நான் மட்டும் எந்த மூஞ்சியோட உள்ள போறது? ரயில்ல வந்திருந்தா வழியிலயே முடிஞ்சிருக்கும். யாரையும் கேக்க வேண்டியிருந்திருக்காது."

கியெட் கார்ச் சாவியோடு அப்படியே நின்றான். காலையிலிருந்து அவன் முந்தி வந்த ஒவ்வொரு லாரியும் அப்பாவை அம்மாவிடமிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டு வந்திருக்கிறது. "இதுக்கா நான் ஓட்டினேன்," என்று படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"உசிரோட இருக்கறவன வாசல்ல போட்டா ஊரு காறித் துப்பும்," என்றார் பெரியப்பா.

"துப்பட்டும். மழை வந்தா கழுவிட்டுப் போயிடும்," என்றேன்.

கட்டிலை நானே வெளியே இழுத்தேன். அப்பாவைத் தூக்கி அதில் கிடத்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுத்தார்கள். கியெட் எழுந்தான். காரை மூடுகிற தார்ப்பாயை டிக்கியிலிருந்து எடுத்தான். ஒரு மூலையைப் பாக்கு மரத்தில் கட்டினான், ஒன்றை ஜன்னல் கம்பியில், ஒன்றை வேலிக் கம்பத்தில். நாலாவது மூலைக்கு எதுவும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

"வானம் வெளுத்துக் கிடக்குடா. விடு," என்றேன். அவன் விடவில்லை.

அப்பா வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்கும்டா," என்றார்.

"வலிக்கலப்பா," என்றான் கியெட். அதைக் கேட்க அப்பா இல்லை.