பி பேங்க், இருபத்து நாலு

முனாப் கீபோர்டில் இருபத்து நாலாம் நம்பரைத் தட்டி, ஒரு கட்டையை அழுத்தினான். மாயவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒத்திகைக் கொட்டகைக்குள் அவனுடைய புல்லாங்குழல் ஒலித்தது. குழலோ மடியில் கிடந்தது.

“எப்படிங்கண்ணே? அசல் நீங்க ஊதற மாதிரியே இல்ல? மூச்சு எடுக்கற சத்தங்கூட கேக்குது பாருங்க!”

முனாப்புக்குச் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷம். காளியப்பன் நடத்தும் தர்மபுரி மெல்லிசைக் குழுவில் கீபோர்டு அவன்தான். குழல், பதினாலு வருஷமாக மாயவன். போன மாதம் வரை அதில் ஒரு சிக்கலும் இல்லை. அப்புறம்தான் காளியப்பன் பெங்களூர் போய் அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிவந்தார். அதில் கட்டைகள் கிடையாது. உள்ளே அறுபத்து நாலு சத்தங்கள். கீபோர்டிலிருந்து ஓர் ஒயர் அதற்குள் போகும். கீபோர்டில் நம்பரைத் தட்டினால் சேதி ஒயர் வழியாக ஓடி, பெட்டியில் வாத்தியம் மாறிவிடும்.

“ஒரேயொரு வில்லங்கம்,” என்றான் முனாப். “அறுபத்து நாலையும் ஏ, பின்னு ரெண்டு பேங்கா பிரிச்சு வச்சிருக்கான். ஒவ்வொண்ணுலயும் முப்பத்தி ரெண்டு. குழல் இருக்கறது பி-ல. நம்ம கீபோர்டு நம்பரை மட்டுந்தான் அனுப்பும். எந்த பேங்க்குன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. யாராவது பொட்டிகிட்ட உக்காந்து அதுக்கான பொத்தானை அமுக்கணும்.”

“மாயவன் உக்காரட்டும்,” என்றார் காளியப்பன். “கம்பைநல்லூர் புரோகிராம்ல பாப்பம். பொட்டி ஒழுங்கா பாடுச்சுன்னா தையிலேர்ந்து குழலுக்குத் தனி ஆளு வேணாம்.”

முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“மாயவண்ணனுக்கு பேங்க் உத்தியோகம்டா!” என்றான் தபேலா கோவிந்தன். கொட்டகையே சிரித்தது. மாயவனும் சிரித்துவைத்தான்.

ஒத்திகை நடுவில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தது. பெட்டியின் சின்னக் கண்ணாடியில் ‘பி’ போய் ‘ஏ’ நின்றிருந்ததை மாயவன் கவனித்தான். யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் ‘பி’யை அழுத்தினான்.

கம்பைநல்லூரில் அது கல்யாணம் இல்லை, படத்திறப்பு. ராமக்காளின் ஒரே மகன் ராஜாமணி, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயசு, மொரப்பூர்ப் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போய் அன்றைக்கு முப்பதாம் நாள். ரேடியோவில் குழல் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பானாம். அதனால் படத்தைத் திறக்கும்போது பாட்டு எதுவும் வேண்டாம், குழல் மட்டும் போதும் என்று ராமக்காள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலை பதினொரு மணி. பந்தல் நிறைய சனம். முதலில் இரண்டு உருப்படிகள். மாயவன் அழுத்தினான், முனாப் தட்டினான், பெட்டி பிசகாமல் பாடியது. காளியப்பன் முகத்தில் நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததும் மாயவன் மனசுக்குள் நாளை எண்ணினான். தை பிறக்க இன்னும் பதினெட்டே நாள்.

படத்தைத் திறக்கும் நேரத்துக்கு மின்சாரம் போனது.

ஆம்ப்ளிஃபயரில் பியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க முனாப் மேடையை விட்டு இறங்கினான். பத்தாவது நிமிஷம் விளக்கு எரிந்தது. பெட்டி கண் விழித்தது.

‘ஏ’.

மாயவனின் விரல் பொத்தான் வரைக்கும் போனது. நின்றது.

ஏ-வில் இருபத்து நாலு என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. பியானோ வரும், இல்லை ட்ரம்பெட் வரும். முனாப் ஒரு நிமிஷம் முழிப்பான். காளியப்பன் பல்லைக் கடிப்பார். பெட்டியை நம்ப முடியாது என்று ஆகிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

முனாப் மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்தான். “அண்ணே, பி-லதான இருக்குது?”

மாயவன் தலையை ஆட்டினான்.

ஊர்ப் பெரியவர் திரையை விலக்கினார். மாலைக்குள்ளிருந்து ராஜாமணி சிரித்தான். முனாப் இருபத்து நாலைத் தட்டிக் கட்டையில் விரலை வைத்தான்.

இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் ரயில் வந்தது.

முதலில் தூரத்தில் கூவல். பிறகு தடதடவென்று சக்கரங்கள். பதறிப்போன முனாப் இன்னொரு கட்டையில் கை வைத்தான். இன்னொரு ரயில், முன்னதைவிட வேகமாக.

“நவுருடா! ராசாமணி, நவுருடா சாமி!”

ராமக்காள் சனத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். படத்தைச் சட்டத்தோடு பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

“சாவு வூட்ல வந்து நக்கலாடா பண்றீங்க?” யாரோ ஒருவர் மேடையேறி முனாப்பின் சட்டையைப் பிடித்தார். பளார், பளார் என்று இரண்டு அறை. காளியப்பன் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

“மாயவா! குழலை எடு! ஊதுடா!”

மூச்சு வராது என்றுதான் நினைத்தான். வந்தது. பதினாலு வருஷத்தில் வராத மூச்சு வந்தது. கைகலப்பு ஓய்ந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ராமக்காள் படத்தை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்தபின் அவள் மாயவனைக் கூப்பிட்டனுப்பினாள். “நீ ஊதுனப்புறந்தான் எம்புள்ள அடங்கினான் சாமி. வருசம் திரும்பறப்பவும் நீயே வரணும்” என்றாள். மாயவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால் காளியப்பன் கத்திக்கொண்டிருந்தார். “நாளையிலேர்ந்து கொட்டகைப் பக்கம் வந்துடாத, பாய்! பேங்க்கைப் பாக்காம எவன்டா வாசிப்பான்? மாயவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?”

கிழிந்த காலரைப் பிடித்தபடி முனாப் நின்றான். கன்னத்தில் விரல் தடம்.

“அண்ணன் மேல தப்பு இல்லீங்க. கரண்ட்டு போய் வந்தா ஏ-க்குப் போயிரும்னு நான் அவருக்குச் சொல்லித் தரல. அவருக்கு எப்படித் தெரியும்? என் தப்புதாங்க.”

மாயவனிடம் வந்தான். “நல்லா ஊதினீங்கண்ணே,” என்றான். கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

“பொட்டியை பெங்களூருக்கே திருப்பி அனுப்பிடறேன், சனியன்!” என்றார் காளியப்பன். “ஞாயித்துக்கிழமை மாரண்டஹள்ளியில கல்யாணம். குழலோட வந்துடு.”

மாயவன் வாயைத் திறந்தான். முனாப்பின் வெள்ளைச் சட்டை இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“என்னாடா? சொல்லு.”

“காலையில எத்தினி மணிக்கு வரணுங்க?” என்று கேட்டான் மாயவன்.