சுவருக்கு நடத்திய பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் டிவி வந்து இறங்கிய அன்று ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. சத்தியவேட்டிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. ஆந்திராதான், ஆனால் வீட்டிலும் வீதியிலும் தமிழ். பள்ளிக்கூடமும் தமிழ் மீடியம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர்: ஹெட்மாஸ்டர் கோவர்த்தனன், அப்புறம் டெபோரா டீச்சராகிய நான். திட்டத்துக்கு 'வித்யா தோரணம்' என்று பெயர். டிவியைச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்த பிறகு ஹெட்மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். டிவி தெலுங்கில் பாடம் நடத்தியது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ்ப் பாடம் எங்கே என்று திருப்பதியில் இருக்கும் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வரும் என்றார்கள். மறுபடி போட்டேன், மறுபடி வரும் என்றார்கள். கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. கடைசியில் நானே பாடம் தயாரித்தேன். ஊர்க் குளம், புளியமரம், வேர்க்கடலைக் காடு எல்லாவற்றையும் என் போனில் படம் பிடித்து, என் குரலில் பேசி, பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினேன். மூன்றாம் வகுப்பு சந்தியாவுக்கு வகுத்தல் என்றாலே அழுகை வரும். வேர்க்கடலையைக் கூறு போடும் படத்தைப் பார்த்துவிட்டு அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள், திரையில் விரலால் தொட்டுத் தொட்டுத் தானே பங்கு பிரித்தாள். "டீச்சர், மிச்சம் கீறது யாருக்கு?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதில் மண் விழ ரொம்ப நாள் ஆகவில்லை. பென் டிரைவ் ஓடும் நேரம் கணக்கில் வராதாம். திட்டத்தின் தெலுங்குப் பாடம் ஓடினால்தான் திருப்பதி அலுவலகக் கம்ப்யூட்டரில் எங்கள் பள்ளிக்குப் பச்சைக் குறி விழும். சிவப்பு விழுந்தால் டிவியைக் கழற்றி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர்தான் வழி கண்டுபிடித்தார். மதியம் பிள்ளைகள் வெளியே சாப்பிடப் போனதும் தெலுங்குப் பாடத்தை ஓடவிடுவது, கை கழுவிக்கொண்டு அவர்கள் உள்ளே வந்ததும் என் பென் டிரைவைப் போடுவது. நானும் சரி என்றேன். மதியச் சாப்பாடு சமைக்கும் வெங்கடம்மா ஒரு நாள் கரண்டியோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், புள்ளைங்க இங்க துன்னுகினு கீது. அங்க சுவத்துக்கா பாடம் நடத்தறீங்க?"

சிரித்து மழுப்பினேன்.

அந்தச் சுவர் நன்றாகப் படித்திருக்க வேண்டும். திட்டத்தை மண்டலத்திலேயே சிறப்பாக நடத்திய பள்ளி என்று எங்களுக்கு விருது அறிவித்துவிட்டார்கள். திருப்பதிக்குப் போய் வாங்க வேண்டும், எப்படிச் சாதித்தோம் என்று நான் மேடையில் பேச வேண்டும். ஹெட்மாஸ்டரே தெலுங்கில் பேச்சு எழுதித் தந்தார். உண்மையைச் சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

மேடை ஏறும்வரை அவர் எழுதியதைப் படிக்கத்தான் நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய திட்ட அதிகாரி எங்கள் பள்ளியின் கணக்கைத் திரையில் காட்டி, இத்தனை மணி நேரம் இந்தப் பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள் என்றார். கற்றிருக்கிறார்களாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த நேரத்தில் அறையில் ஒரு பிள்ளைகூட இல்லை என்றேன். பிள்ளைகள் கற்றது தமிழில், அது உங்கள் கணக்கிலேயே இல்லை என்றேன். தமிழ்ப் பாடம் கொடுங்கள், முடியாவிட்டால் என் பென் டிரைவையாவது கணக்கில் சேருங்கள் என்றேன். கூடத்தில் இருந்த வாத்தியார்கள் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் பள்ளியிலும் சுவர்தான் படிக்கிறது என்று புரிந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நான் சொன்னது காதில் விழுந்தது என்று இருந்திருப்பேன். அருமையான யோசனை என்றார். வகுப்பு நேரம் கெடாமல் மணிக்கணக்கு சேருகிறதே, எல்லாப் பள்ளியிலும் மதிய நேரத்தில் ஓடவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கையில் ஒரு கேடயத்தைத் திணித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து டெக்னீஷியன் வந்தார். தமிழ்ப் பாடம் ஏற்ற வந்திருக்கிறார் என்று நம்பி டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இனி எந்தப் பென் டிரைவையும் டிவி ஏற்காதபடி பூட்டிவிட்டார். மதியத்தில் திருப்பதியிலிருந்தே பாடத்தைப் போட்டுவிடுவார்கள், நீங்கள் ஒன்றும் தொட வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று மதியமே டிவி தானாக உயிர் பெற்று, காலிப் பெஞ்சுகளைப் பார்த்து நமஸ்காரம் சொன்னது. சாப்பிட்டு முடித்து முதலில் வந்தவள் சந்தியா. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றாள். தெலுங்கு முடிந்ததும் வேர்க்கடலைப் பாடம் வரும் என்று காத்திருந்தாள். நேரே போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு பக்கமும் கழற்றிச் சுருட்டி, என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "இன்னா டீச்சர் இப்டி பண்ணிட்டீங்க, சிவப்பு விழுந்துடுமே" என்று அவர் முடிப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. திருப்பதி அலுவலகம். சந்தியாவுக்கு வகுத்தல் வரவில்லை என்று எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு போன் வந்ததில்லை. தமிழ்ப் பாடம் கேட்டு நான் அத்தனை தடவை பேசியதற்குத் திரும்ப ஒரு போன் வந்ததில்லை. ஒயரைப் பிடுங்கியதும் வந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் போனை என்னிடம் நீட்டினார். பாடம் ஏன் பாதியில் நின்றது என்று அந்தப் பக்கத்தில் தெலுங்கில் கேட்டார்கள். எனக்குத் தெலுங்கு வரும். வேண்டுமென்றே தமிழில் சொன்னேன்.

"கிளாஸுக்குப் புள்ளைங்க வந்துட்டாங்க சார். அதான் நிறுத்திட்டேன்."