எடுத்து வைத்த விலா

விருந்துக்குப் போகிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். என் மனைவி கத்தி எடுத்துக்கொண்டாள். காலையில் அதைத் தீட்டி, பழைய துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தபோது, தம்பியைக் குத்தப் போகிறாயா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு எங்கள் வீட்டில் என்றைக்குமே மவுசு கிடையாது.

கத்தி எதற்கு என்று எனக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே மனம் விட்டுப் பேசுவது பன்றி விலாவைச் சுத்தம் செய்யும்போது மட்டும்தான். தொங்கும் சதையையும் ஓரத்துக் குருத்தெலும்பையும் இவள் நறுக்கித் தள்ளுவாள். பிறகு விலாவைத் திருப்பிப் போட்டு, எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வின் முனையை நெம்பித் தருவாள். அது வழுக்கும். அவன் உலர்ந்த துணியால் பிடித்து இழுக்க, இவள் விலாவை நகராமல் அழுத்திக்கொள்வாள். சவ்வு போனால்தான் மசாலா உள்ளே இறங்கும். இரண்டு பேரும் கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வேலை போன செய்தியை அவன் அங்கேதான் சொன்னான். என்னைக் கட்டிக்கொள்ளப் போவதை இவளும் அங்கேதான் சொன்னாளாம். அன்று சவ்வு பாதியில் கிழிந்ததாகக் கேள்வி.

என் மாமனார் படுத்த படுக்கையானபோது, தூரத்தில் வேலை பார்க்கும் மகனுக்குச் சொல்லக் கூடாது என்று இவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இவளும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்த தம்பி, ஊர் உறவு முன்னால், நீ எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு சரி. அடுத்த வாரம் அவன் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான். கிளம்புவதற்கு முன் வரச் சொல்லி அவனே கூப்பிட்டிருந்தான்.

நாங்கள் போனபோது பின்கட்டில் கரி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. விலாக்கள் அதன்மேல் ஏறியிருந்தன. விடியலிலேயே ஏற்றினால்தான் மத்தியானத்துக்கு வேகும். அதைப் பார்த்ததும் மனைவியின் முகம் வாடிவிட்டது. அவன் கவனித்திருக்க வேண்டும். அவளைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்.

"உள்ள ஒன்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா. ராத்திரிக்குச் சுட்டுக்கலாம். வா, சுத்தம் பண்ணிடலாம்."

சமையலறையில் பலகை போட்டு, உலர்ந்த துணியை மடித்து வைத்திருந்தான். மனைவி கைப்பையைத் திறந்தாள். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை வெளியே எடுத்தான். அதில் விலா சுத்தமாக, சதுரமாக, சவ்வு உரிக்கப்பட்டு, சிவக்கச் சிவக்க மசாலா பூசிக்கொண்டு படுத்திருந்தது.

அவன் மனைவியை நான் எறும்பு என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வேலையை மிச்சம் வைக்கத் தெரியாதவள். கையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாக வந்தாள்.

"அதுவா? நீங்க மறந்துட்டீங்கன்னு நானே முடிச்சுட்டேன். அண்ணி வந்த இடத்துல கைய அழுக்காக்கணுமா?"

அவளை என்ன சொல்ல முடியும்? நல்லதுதானே நினைத்தாள். மைத்துனன் ஃபிரிட்ஜை மூட மறந்து நின்றான். கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வரட்டுமா என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடை பக்கத்தில்தான். ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இனி நமக்குத் தண்டச்சோறுதான் என்று ஏதோ சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மனைவிகூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. எலும்பைத் தொட்டால் சதை கழன்று வந்தது. உப்பு போதுமா என்று அவன் கேட்டான், போதும் என்றாள். விமானம் எப்போது என்று இவள் கேட்டாள், சொன்னான். ராத்திரி வரை இருக்கச் சொல்லி எறும்பு கெஞ்சிப் பார்த்தாள். வேலை இருக்கிறது என்று இவள் எழுந்துவிட்டாள்.

வாசலில் தம்பியிடம், "எல்லாம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நன்றி," என்றாள். கூடப் பிறந்தவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

வண்டி பெரிய சாலையில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குன்னு ஒன்னு எடுத்து வச்சிருந்தான், பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. போய் எப்படிப் பேசுறது? கை சும்மா இருக்குமே."

மடியிலிருந்த கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் திருப்பவில்லை. அவள் வேண்டாம் என்றாலும் திருப்பியிருக்க வேண்டும்.