வாய்க்குள் ஒரு கண்ணி

மருந்துக் கடைக்காரம்மாவின் கொலை வழக்கில் முதல் சாட்சி பேசி முடித்ததும், காவல் நிலைய மேசைமேல் இரும்புச் சங்கிலியின் கண்ணி ஒன்று விழுந்தது. சாட்சி சொன்னவர் ரொட்டிக் கடைக்காரர். அன்று சாயங்காலம் எலக்ட்ரீஷியன் பையோடு அந்தம்மாவின் வீட்டுப் படி ஏறியதைப் பார்த்தேன் என்றார். அவ்வளவுதான், டங்கென்று சத்தம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஓட்டை ஒன்றும் இல்லை. கண்ணி சூடாக இருந்ததால் ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார்கள். அடுத்து வந்த பால்காரர், எலக்ட்ரீஷியன் படி இறங்கும்போது தன்னைக் கண்டும் காணாதவன் மாதிரி போனதாகச் சொன்னார். இரண்டாவது கண்ணி விழுந்து, தானாகவே நகர்ந்து முதலாவதோடு கோத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் அதையும் கைப்பற்றிய பொருள்களோடு சேர்த்துச் சீட்டு ஒட்டிவைத்தார்.

கைப்பற்றிய மற்ற பொருள்கள், அந்தம்மாவின் சின்னக் கைக்கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும். கொலை நடந்து சில நாள் கழித்து, எலக்ட்ரீஷியனின் பையில் டெஸ்டருக்கும் டேப்புக்கும் அடியில் கிடைத்தன. அந்தம்மா கடைக்கு மேலேயே தனியாகக் குடியிருந்தவர். தலைவலி மாத்திரை கேட்டுப் போனால், ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாயா என்று விசாரித்துவிட்டுத்தான் தருவார். ஃபேன் சுற்றவில்லை என்று அவர்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார். மறுநாள் கடை திறக்காததால் மேலே போய்ப் பார்த்தவர்கள், ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்றும், அதற்குக் கீழே கழுத்தில் ஒயரோடு அந்தம்மா கிடந்தார் என்றும் சொன்னார்கள். அதற்கும் ஒரு கண்ணி விழுந்தது.

நீதிமன்றத்தில் சங்கிலி வளர்ந்தது. சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி என்று இத்தனை வருஷமாக வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததை இரண்டு கையாலும் தூக்கிக் காட்ட முடிந்ததில் அரசு வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர், ஆர்வக் கோளாறில், அலறல் சத்தமும் கேட்டது என்று அள்ளிவிட்டார். அவருக்கு விழுந்த கண்ணி துருப்பிடித்திருந்தது. தொட்டதும் பொடியாகிப் போனது. சங்கிலிக்குப் பொய் ஆகாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. அதிலிருந்துதான் தெருவைப் பயம் பிடித்தது. ஒரு வீட்டில் மனைவி கணவனிடம், நேற்று உங்களை சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்தேனே என்று சும்மா கேட்டாள். சோபாவுக்கு அடியில் டங்கென்றது. இரண்டு பேரும் குனிந்து பார்க்கவில்லை. அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் யாரையும் பார்த்ததாகச் சொல்வதில்லை.

எல்லோரையும்விடப் பயந்தவள் எலக்ட்ரீஷியனின் அக்கா. பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. அவள் குரலை நம்பித்தான் ஊரே மூட்டையைத் தூக்கியது. அம்மா போனபிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவனுக்கு அவளும் அவளுக்கு அவனும் தவிர யாருமில்லை. கொலை நடந்த சாயங்காலம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். தம்பி வந்தான். மணி என்ன என்று கேட்டாள். அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து ஏழேகால் என்றான். வாட்ச் கட்டும் பழக்கமே இல்லாதவன். கையில் இருந்தது பொம்பளை வாட்ச். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். கழற்றிப் பைக்குள் போட்டான். படியேறினவன் எல்லாம் கொலைகாரனா என்று ஊரைக் கேட்க அவளால் முடிந்தது. அந்த வாட்சை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தம்பியின் வக்கீல் கெட்டிக்காரர். பை வராந்தாவில் திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்றார். அன்றைக்கே இவர் கையில் அந்தப் பொருள் இருந்தது என்பதற்குக் கண்ணி எங்கே என்று கேட்டார். சங்கிலியை நீட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு இடத்தில் விட்டுத்தான் இருந்தது. அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். தம்பி வீட்டுக்கு வந்தபோது கையில் ஏதாவது இருந்ததா என்று அரசு வக்கீல் கேட்டார். பதில் நாக்குவரை வந்தது, அங்கேயே இரும்பாகிவிட்டது. சூடு பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதிர்ச்சியில் குரல் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிபதி தம்பியை விடுதலை செய்தார். சங்கிலியை நீதிமன்றக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று தம்பி வயிறாரச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே, "நல்லவேளைக்கா, நீ வாயத் திறக்கல" என்றான். அதுவரை அவள் மனசில் எங்கோ ஒரு மூலையில் தம்பி செய்திருக்க மாட்டான் என்று இருந்தது. அது அந்த நிமிஷத்தோடு போயிற்று. கண்ணியை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். பஸ் நிலையத்தில் பழைய ஒலிநாடாவைப் போட்டுச் சமாளித்தார்கள். தம்பி பாசமாகத்தான் இருந்தான். தலைவலித் தைலம் வாங்கி வந்தான், துணி காயப்போட்டான். ஆனால் பேசும்போது அவள் கண்ணைப் பார்ப்பதை விட்டு வாயையே பார்த்தான். அவள் அறைக்கு உள்தாழ்ப்பாள் வைத்துக்கொண்டாள். தான் தூக்கி வளர்த்த பிள்ளைக்குப் பயந்து தாழ்ப்பாள் போட வேண்டியிருந்ததே என்று அழுதாள், அதுவும் சத்தம் வராமல்.

அவர்கள் வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். வெளியூர்க்காரர், புதிதாகக் குடிவந்தவர். சுவிட்ச் போட்டால் பொறி பறக்கிறது, கொஞ்சம் பார்த்துத் தாருங்கள் என்று ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டார். அவன் பையை எடுத்தான். பையில் புது ஒயர்ச் சுருள் இருந்தது. எலக்ட்ரீஷியன் பையில் ஒயர் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவன் பாதிப் படி ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. பின்னாலேயே ஓடி வாயைத் திறந்தாள்.

"நர்சம்மா, கதவத் திறக்காதீங்க. அன்னிக்கு அந்தம்மா வாட்ச் இவன் கையில இருந்துச்சு. நான் பார்த்தேன்."

கண்ணி படியில் விழுந்து, உருண்டு, தெருவைத் தாண்டி நீதிமன்றப் பக்கம் போனது. தம்பி ஓடவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னான். அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே போய், நர்சோடு உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. கிடங்குக் கதவு பூட்டியது பூட்டியபடியே இருந்தது என்று காவலாளி பிறகு சொன்னார். சங்கிலியின் ஒரு முனை மருந்துக் கடையின் மாடிப்படிக் கம்பியில் கோத்துக்கொண்டது. மறுமுனை தம்பியின் கணுக்காலில் பூட்டி, அவனைப் படியிலிருந்து அந்தக் கடைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

விடுதலையான ஆளை அதே வழக்கில் மறுபடி பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் அரசு வக்கீல்; இரும்பு தானாகச் செய்வதெல்லாம் எங்கள் இலாகாவில் வராது என்றார் இன்ஸ்பெக்டர். தம்பி மருந்துக் கடைப் படியடியில் படுத்துக்கொள்கிறான். சங்கிலி எட்டும் வீடுகளுக்கு வாடகை குறைவு, எட்டாத வீடுகளுக்கு அதிகம். ஒருமுறை ரொட்டிக் கடைக்காரர், ஆள் இளைத்துவிட்டான் பாவம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே கண்ணி ஒன்று கூடியது, தம்பி அவர் கடைக்கு அவ்வளவு கிட்டே வந்தான். அவனைப் பற்றி எந்த உண்மையைச் சொன்னாலும் சங்கிலி நீளும் என்று தெரிந்தபிறகு, தெருவில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவன் வீட்டு வாசலுக்கு இன்னும் ஒரே ஒரு கண்ணிதான் குறைகிறது.

அக்கா மறுபடி மைக்கில் பேசுகிறாள். வேலை முடிந்து அவள் வரும் நேரத்துக்கு அவன் சங்கிலி விறைக்கும் இடம்வரை வந்து நிற்கிறான். "என்னப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லேன் அக்கா, நல்லதா இருந்தாலும் சரி" என்று கேட்கிறான். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சின்ன வயசில் இடிக்குப் பயந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அத்தனையும் உண்மை, அதுதான் கஷ்டம். சோற்றுத் தட்டை அவன் கைக்கு எட்டுமளவு தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.