பெண்களுக்குத் தனி ரிஜிஸ்டர்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. 1996இல் மைசூரில், வீடுகளுக்கும் நர்ஸிங் ஹோம்களுக்கும் நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் நான் நர்ஸாக வேலை பார்த்தேன். இதில் வரும் மகேந்திரன் நான்தான். ‘நான்’ என்று எழுதிய மூன்று பிரதிகளிலும் என்னை நல்லவனாக்கிவிட்டேன். அதனால் ‘அவன்’. எப்படியும் கதை அவனுடையதல்ல, நிர்மலாவுடையது.

2

கண்களில் கனவுகளோடு மைசூரில் வந்திறங்கிய நிர்மலா...

(இல்லை. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்தபோது அவளிடம் இருந்தது நர்ஸிங் சான்றிதழ்தான்.)

சரஸ்வதிபுரத்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்த சித்தையனை அவளும் மகேந்திரனும் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பதினைந்து நாளுக்கொருமுறை பகலும் இரவும் மாறும். இரண்டு மணிக்கொருதரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கனத்த உடம்பு. முதல் வாரமே மகேந்திரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முதுகுக்கடியில் போர்வையை விட்டு இழுத்துப் புரட்ட அவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் நிர்மலாதான்.

சம்பளக் கையெழுத்துக்கு ஆண்களுக்கு ஒரு ரிஜிஸ்டர், பெண்களுக்கு ஒன்று. அந்த ஜூலையில் பெண்களுடையது ஆடிட்டரிடம் போயிருந்ததால் எல்லோருக்கும் ஒரே தாள். மகேந்திரன், 1,800. அதற்குக் கீழே நிர்மலா, 1,250.

திறந்த பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். (‘அவள் நெஞ்சில் நெருப்பு’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். முகத்தில் தெரிந்தது கூச்சம். ஏமாற்றியவருக்கு வர வேண்டியது ஏமாந்தவளுக்கு வந்திருந்தது.)

3

ஏஜென்சி மாடிப்படியில் அவனை நிறுத்தினாள்.

“ஏனுங்கண்ணா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“மேடத்துகிட்டக் கேக்கப் போறனுங்க. கூட வந்து, ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

“எனக்கு ரெண்டு குழந்தைங்க, நிர்மலா. சும்னே வம்பு எதுக்கு?”

முதல் பிரதியில் அவன் கூடப் போனான். இரண்டாவதில் வேலையையே உதறினான். நடந்தது இது: படியிலேயே நின்றான். மேடத்தின் அறைக்கதவு திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

4

உமாதேவி மேடமும் நர்ஸாக இருந்தவர்தான். வளையலை விற்று ஏஜென்சி ஆரம்பித்தவர். பேச்சில் கன்னடம் கலக்கும். அவரைக் கெட்டவராக எழுதினால் மகேந்திரன் தப்பித்துவிடுவான், அதனால் எழுதவில்லை.

“நோடு நிர்மலா, ஆம்பளைங்க இந்த வேலைக்கு வர்றதே அபூர்வம். அவங்களுக்குக் குடும்பம் இருக்கு.”

“எங்க ஊட்லயும் என் சம்பளத்துலதானுங்க அடுப்பு எரியுது.”

“சரி, உனக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு போடறேன். கீழ யாருக்கும் சொல்லக் கூடாது, ஆய்த்தா?”

மாதம் ஐந்நூற்றைம்பது ரூபாய் கூடுதல். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“சித்தம்மாக்கா எனக்கு மூணு வருசம் முன்னாடியே வந்தவிங்க. அவிங்களுக்குங்க?”

“அவங்க கேக்கலையே.”

“கேக்கச் சொல்றனுங்க.”

5

கீழே பெஞ்சில் டியூட்டிச் சீட்டுக்காகக் காத்திருந்த ஆறு பெண்களிடமும் சொன்னாள். அன்று யாரும் சீட்டு வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. அந்த இரண்டு நாளும் சித்தையனை மகேந்திரன் ஒருவனே புரட்டினான்.

மூன்றாம் நாள் மேடம் பெண்கள் எல்லோருக்கும் முந்நூறு கூட்டினார். நிர்மலாவின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்தார். போகும் முன் அவள் சரஸ்வதிபுரம் வந்து, “இவருக்கு இடது பக்கம் புண்ணு ஆரம்பிக்குதுங்கண்ணா, பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னாள். கொள்ளேகாலில் வேலை கிடைத்ததாகப் பிறகு சித்தம்மா சொன்னார். அங்கே என்ன சம்பளம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

6

நான்காம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். நிர்மலா அறையைவிட்டு வெளியே வரும்போது மேடம் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏன் மகேந்திரா, அங்கதானே நிக்கறே? நீயே சொல்லு, ரெண்டு பேர் வேலையும் ஒண்ணா?”

நிர்மலாவும் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் சொன்னது எனக்குத் தெரியும். அதைத் திருத்தி எழுதும் உரிமை எனக்கு இல்லை. அந்தப் படியில் நின்றிராத உங்களுக்கு இருக்கலாம். இடம் விட்டிருக்கிறேன்.

மகேந்திரன் சொன்னான்: “