சாம்பியன் பார்வை

அந்தோணியார் திருவிழாவுக்கு இந்த வருஷம் பாட்டுக் கச்சேரி வேண்டாம், பட்டிமன்றம் வைப்போம் என்று முடிவானபோது, தலைப்புக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கூடலூர்ப் பக்கம் இருபத்தெட்டு வருஷமாக ஓயாத சண்டை ஒன்று கைவசம் இருந்தது. மரிய ஜோசப் மாநிலக் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? அந்த ஆளையே மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவர் சரக்குள்ள ஆளா இல்லையா என்று மைக் பிடித்துப் பேசுகிற தைரியம் நம் ஊருக்குத்தான் வரும்.

அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் மகள் ஜெசிந்தா. தேனியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஊர் ஊராக முகாமுக்குப் போய், எழுத்துச் சார்ட்டைப் படிக்கச் சொல்லி, யாருக்கு எவ்வளவு பார்வை என்று அட்டையில் எழுதுகிற வேலை. இன்றைக்கு லீவு. அப்பா ஜெயிக்க வேண்டும் என்று காலையிலேயே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மெடல் வாங்கினால் அரசாங்க வேலை வரும் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். ஜோசப்புக்கு வந்தது ஜீப்புதான். தினமும் காலையில் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி மலையேறி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். அந்தப் பெண்களும் சபையில் இருந்தார்கள். முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பொன்னாத்தாள் இங்கேயும் இரண்டாம் வரிசையைப் பிடித்திருந்தாள்.

திறமைக் கட்சிக்குத் தலைவர் உடற்பயிற்சி ஆசிரியர் ஜான் பீட்டர்.

"நடுவர் அவர்களே, நம்ம ஜோசப் அண்ணன் சோத்தாங்கைக்காரவுக. செமி பைனல் வரைக்கும் இடது கால முன்ன வச்சுத்தான் நின்னாக. மறுநாள் பைனல்ல மணி அடிச்சதும் நொட்டாங்கைக்காரன் மாதிரி வலது கால முன்ன வச்சு நின்னாக. எதிராளிக்கு ஒண்ணும் ஓடல. ஒரே ராத்திரியில ஆட்டத்தையே மாத்துறதுக்கு மூளை வேணுமா, அதிர்ஷ்டம் வேணுமா?"

கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஜெசிந்தாவும் தட்டினாள்.

அடுத்து அதிர்ஷ்டக் கட்சிக்காக வாழைக்காய் வியாபாரி தங்கபாண்டி. சின்ன வயதில் ஜோசப்பும் அவரும் ஒரே மணல்மூட்டையைக் குத்திப் பழகியவர்கள். ஒருவர் சாம்பியன் ஆனார், இன்னொருவர் ஆகவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இருபத்தெட்டு வருஷமாகியும் ஆறவில்லை.

"மாப்ள எனக்கு உசுரு. ஆனா உள்ளதச் சொல்லணும்ல. காலு மாறுனது மூளையில்ல, பயம். முந்தின நாளு வாங்குன அடியில ஆளு கதிகலங்கிப் போயி மாத்தி நின்னான். எதிராளி குழம்புனான், இவன் பிழைச்சான். சும்மா சொல்லல. அன்னைக்கு எடுத்த கேசட்ட மெட்ராசுல தேடிப் பிடிச்சு, பென்டிரைவுல ஏத்திக் கொண்டாந்துருக்கேன். நீங்களே பாத்துக்கங்க."

சபை சலசலத்தது. அந்தச் சண்டையை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காமலேதான் இத்தனை வருஷம் கட்சி கட்டியிருந்தார்கள். ஜெசிந்தா அப்பாவைப் பார்த்தாள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத் துணியில் படம் ஓடியது. இருபத்திரண்டு வயது அப்பா, ஒல்லியாக, மான்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார். செமி பைனல், மூன்றாவது ரவுண்டு. எதிராளியின் வலது கை வந்து இடது கண்மேல் இறங்கியது. சபை மொத்தமும் உச்சுக் கொட்டியது. படத்திலிருந்த அப்பா விழவில்லை. தலையை உதறிக்கொண்டு ஆடி, ஒரு புள்ளியில் ஜெயித்தார்.

பிறகு பைனல். வலது கால் முன்னே. ஜான் பீட்டர் கட்சி விசிலடித்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. அவள் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் அப்பாவின் முகம் இடது பக்கமாகத் திரும்பியே இருந்தது. எதிராளி எங்கே நகர்ந்தாலும், முதலில் முகம் திரும்பி, வலது கண் அவனுக்கு நேராக வந்த பிறகே கை கிளம்பியது. இந்தத் திருப்பலை அவள் முகாம்களில் நூறு பேரிடம் பார்த்திருக்கிறாள். ஒற்றைக் கண்ணில் பார்வை போனவர்கள், நல்ல கண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதற்காக அப்படித்தான் திரும்புவார்கள். கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

மெல்லப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அதே முகம், அதே திருப்பல். தெருவே அதற்குச் சாம்பியன் பார்வை என்று பெயர் வைத்திருந்தது. அவளும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். 

வலது கையை அவருடைய இடது காதோரமாக உயர்த்தி, கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை. இன்னும் முன்னே கொண்டுபோனாள். மூக்கைத் தாண்டுகிற சமயத்தில்தான் திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்னாத்தா?"

"எத்தன விரலு காட்டுனேன் அப்பா?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு, அவளைத் தவிர யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரியே திரை விழுந்த மாதிரி இருட்டிருச்சு. சொன்னா பைனல்ல ஏற விடுவாகளா? பின்னாடி சொன்னா மெடலப் பிடுங்கிருவாகன்னு இருந்துட்டேன். ஒங்க ஆத்தாளுக்குக்கூடத் தெரியாது."

 ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வந்தது மெடல் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜீப் ஸ்டாண்டில் டிரைவர்களுக்காக நடந்த முகாம்.

ஒரு கண்ணுக்குச் சார்ட் எழுத்துகளை முதலிலிருந்து படிக்கச் சொன்னால், மறு கண்ணுக்குக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். மனப்பாடமாக ஒப்பிப்பவர்களை அப்படித்தான் பிடிப்பது. வரிசையில் இருந்த நாற்பது டிரைவர்களிடமும் அவள் அப்படித்தான் கேட்டாள். நாற்பத்தொன்றாவது ஆள் அப்பா. பின்னால் ஆட்கள் நின்றார்கள், அதுவும் பெற்ற அப்பனைச் சந்தேகப்படுவதாவது என்று, இரண்டு கண்ணுக்கும் முதலிலிருந்தே படிக்கச் சொல்லிவிட்டாள். அவர் கடகடவென்று கடைசி வரி வரை சொன்னார். சொல்ல மாட்டாரா? அவள் பயிற்சிக்குப் படித்த ஆறு மாதமும் அந்தச் சார்ட் வீட்டுச் சமையலறைக் கதவில்தான் தொங்கியது. அவள் சத்தம் போட்டு ஒப்பித்ததைக் கேட்டுக்கொண்டேதான் அவர் சோறு தின்றார். இரண்டு கண்ணும் முழுப் பார்வை என்று அட்டையில் எழுதியது அவள் கை. அந்த அட்டையை நம்பித்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஊரார் கண்ணையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவள், தன் வீட்டுக் கண்ணை ஒரு நாளும் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாளை திங்கள்கிழமை. காலை ஆறு மணிக்கு ஜீப் மலையேறும்.

"தீர்ப்புக்கு முன்னாடி குடும்பத்து சார்பா ரெண்டு வார்த்தை," என்றார் நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுருளிராஜன். "பாப்பா ஜெசிந்தா, இங்கன வா."

அவள் எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

"எதச் சொன்னாலும் நடுவரப் பாத்துச் சொல்லு," என்றார். "என்னையப் பாத்துச் சொல்லாத."

மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள். 

"எங்கப்பாவுக்கு இடது கண்ணு தெரியாது. அந்த செமி பைனல்லயே போயிருச்சு. பைனல்ல கால மாத்தி நின்னது பயத்துல இல்ல. தெரியுற கண்ண முன்ன வைக்கிறதுக்கு. ஒத்தக் கண்ணாலதான் ஜெயிச்சாக."

 முதலில் எழுந்தவர் தங்கபாண்டி. எதிர்க்கட்சி மேசையிலிருந்து இறங்கிவந்து ஜோசப்பின் முன்னால் நின்றார்.

"சொல்லலியே மாப்ள. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலியே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சபையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இருபத்தெட்டு வருஷச் சண்டை ஒரே நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. அப்பா ஜெயித்துவிட்டார். காலையில் அவள் வேண்டிக்கொண்டது அதுதான்.

தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓயவில்லை. அதனால் அதன் நடுவிலேயே சொன்னாள்.

"டிரைவர் முகாம்ல எங்கப்பாவுக்கு நல்லாத் தெரியுதுன்னு எழுதுனது நான். சரியாச் சோதிக்காம எழுதிட்டேன். நாளைக்குப் போயி ஆஸ்பத்திரியில சொல்லப் போறேன். இனிமே எங்கப்பா ஜீப் ஓட்ட மாட்டாக."

கைத்தட்டல் முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில், கடைசியாகப் பின்னால். ஆட்கள் எழுந்தது எழுந்தபடியே நின்றார்கள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னாத்தாள் மட்டும் அலட்சியமாக உட்கார்ந்தாள்.

"இத இப்பத்தான் கண்டுபிடிச்சியாக்கும்?" என்றாள். "எட்டு வருசமா முன்சீட்டுல நான் எதுக்கு உக்காந்து வாரேன்னு நெனச்ச? லெப்டுல மாடு நிக்கிது, லெப்டுல பள்ளம் கெடக்குன்னு சொல்லிச் சொல்லி என் தொண்ட காஞ்சு போச்சு. இந்தக் கூலிக்கு வேற எவன் எங்கள ஏத்துவான்? பேசாம எறங்கி வா."

 படித்தவள் ஜெசிந்தா. எட்டு வருஷமாகக் கண்டவள் பொன்னாத்தாள்.

"அக்கா, நீங்க வராத நாள்ல யாரு சொன்னா?"

பொன்னாத்தாள் பின்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.  கேள்வி அவளுக்கு இல்லை என்பதுபோல மரிய ஜோசப்தான் முன்வரிசையிலிருந்து பதில் சொன்னார்.

"அன்னைக்கெல்லாம் ஆரன் அடிச்சுக்கிட்டே போயிருவேன்."

பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பின்வரிசையில் ஒரு பெண், "மாதாவே" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையும் சில நாள் ஜீப்பில் போய்வந்ததுதான்.

ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கினாள். அப்பா சட்டைப்பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து, அவள் இடது பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி வருவாள் என்று எண்ணி அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார்.  அவள் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள்.

"இங்கன இருக்கேன் அப்பா," என்றாள்.

அவர் திரும்பி, அவளை நன்றாகப் பார்த்து, சாவியைக் கொடுத்தார்.